பன்னிரண்டாம் பக்கம் கேட்காத ஊர்

இன்பமணி டீச்சரின் புத்தகத்தைக் கேட்டு முதன்முதலில் தூங்கிப்போனது அவள் தங்கை ரோஸின் மகளா, அல்லது அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உப்பு மூட்டையோடு நின்ற வண்டி மாடா என்பதில் இதைச் சொல்பவருக்கே சந்தேகம் உண்டு. வருஷமும் அப்படித்தான். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கிய எழுபத்து நான்கு என்று சிலரும், அதற்கு அடுத்த வருஷம் என்று சிலரும் சொல்கிறார்கள். ஞாபகத்தில் பிழை இருக்கலாம். பிழையில்லாமல் தெரிந்தது ஒன்றுதான். தூத்துக்குடியில் அந்தப் புத்தகத்தைக் கேட்டவர்களோ படித்தவர்களோ ஒருவர்கூடப் பதினொன்றாம் பக்கத்தைத் தாண்டி விழித்திருந்ததில்லை.

புத்தகத்தின் பெயர் ‘சிப்பிக்குத் தூக்கம் வரவில்லை’. தூங்கப்போகும் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கான படப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழ் நான்கு வரிப் பாட்டு. நாசரேத்தில் பிறந்து, தூத்துக்குடி மிஷன் பள்ளி ஒன்றில் பதினேழு வருஷமாக ஒன்றாம் வகுப்பு நடத்திவந்த இன்பமணி எழுதிய முதல் புத்தகம் அது. படங்களையும் அவளே வரைந்தாள். கதை இவ்வளவுதான்:

சின்னச் சிப்பி கண்ணை மூடி
பாறை மெத்தை மேலே படுத்தது;
உள்ளே புகுந்த ஒற்றை மணலோ
உறங்க விடாமல் உறுத்திக் கெடுத்தது.

இந்த மணலை எடுத்துப் போடமாட்டாயா என்று சிப்பி ஒவ்வொருவரிடமாகக் கேட்கிறது. நண்டிடம், சங்கிடம், ஆமையிடம், தோணியிடம், கடைசியாகக் கலங்கரை விளக்கத்திடம். எல்லோரும் நாளைக்குப் பார்க்கலாம், இப்போது தூங்கு என்கிறார்கள். முதல் பதினொரு பக்கங்களை இன்பமணி ஒரு பெரிய பரீட்சை லீவில், பத்தே நாளில் எழுதிவிட்டாள். பன்னிரண்டாம் பக்கத்துக்கு நான்கு வருஷம் ஆயிற்று. ஆனால் அந்த நான்கு வரி வந்து விழுந்த மத்தியானம், கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தான் பிறந்தது இதற்குத்தான் என்று அவள் நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது ஒரே ஒரு ஆள் பதினொரு பக்கத்தையும் கேட்டு, விழித்திருந்து, பன்னிரண்டாவதையும் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கு அந்த ஆசையைப் பற்றி அக்கறை இல்லை. புத்தகம் வெளிவந்த மூன்றாம் மாதத்தில் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ்காரர் அறைக்கு ஒன்றாக வாங்கிச் சங்கிலி போட்டுக் கட்டிலோடு கட்டிவைத்தார். காயல்பட்டினத்தில் துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்த ஒருவர், மனைவி குழந்தைக்கு வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கேட்டு, லீவில் பத்தொன்பது நாளைத் தூங்கியே கழித்துவிட்டுக் கப்பலேறினார். ஒரு பல் டாக்டர் ஊசி வாங்குவதை நிறுத்திவிட்டு இதை வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இன்பமணி கடற்கரையில் உட்கார்ந்து தங்கை மகளுக்கு வாசித்தபோது, பதினொன்றாம் பக்கத்தில் அலை படுத்துவிட்டது. மத்தியானம் ஒன்றேகால் வரை கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. இனி வாசிப்பதாக இருந்தால் தெப்பக்குளத்துப் பக்கம் போய் வாசிக்கும்படி வள்ளக்காரர்கள் நான்கு பேர் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“அக்கா, பிள்ளைய தூங்க வைக்கத்தான எழுதுன? தூங்குதுல்லா. பெறகு என்ன வேணும் ஒனக்கு?” என்றாள் ரோஸ்.

“கதை எப்படி முடியுதுன்னு தெரிய வேண்டாமாளா?”

“முடிவ வச்சு நான் என்ன செய்யட்டும்? இவ கண்ண மூடுனா எனக்கு ஏனம் கழுவ நேரம் கெடைக்கும். அது போதும் எனக்கு.”

இன்பமணிக்கு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு அந்த எரிச்சல் போகவில்லை. ரோஸின் கணவன் கிளாட்வின் துறைமுகத்தில் கணக்குப் பார்ப்பவன், நல்ல மனுஷன், உதவிக்கு வந்தான். முதல் நாள் மூன்று டம்ளர் கடுங்காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தான். பதினொன்றில் சாய்ந்தான். மறுநாள் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கேட்டான். மிளகாய் வாயில் இருக்கும்போதே குறட்டை விட்டான். மூன்றாம் நாள் கழுத்தளவு கடலில் நின்று கேட்டான். நின்றபடியே தூங்கி மிதந்து போனவனை இரண்டு பேர் தோணியில் போய் அள்ளிவந்தார்கள். அடுத்ததாக இன்பமணி, உப்புக் கம்பெனி குமாஸ்தா பகவதியைத் தேடிப் போனாள். ஒன்பது வருஷமாக ஒரு பொட்டுத் தூக்கமில்லாதவர் என்று ஊரறிந்த ஆள். அவர் விழித்த கண்ணோடு பதினொன்று வரை வந்துவிட்டார். அங்கேயே அவர் தலை தொங்கிவிட்டது. எட்டு நாள் தூங்கினார். ஒன்பதாம் நாள் அவர் மனைவி ஒரு தார் வாழைப்பழத்தோடும் ஆத்தூர் வெற்றிலைக் கட்டோடும் வந்து, “நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்” என்று அழுதாள். இன்பமணி பழத்தை வாங்கிவைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தூங்கி எழுந்தவர்களிடம் மிச்சத்தைச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுந்தவர்களுக்குத் தூங்கிய சுகம் மட்டுமே நினைவிருந்தது, ஒரு வரிகூட நினைவில் இல்லை.

புத்தகம் அவளை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது அல்லவா, அதுபோல. ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் செய்வதுபோல அவள் எப்போதும் படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி புத்தகத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் பிடித்து, பாட்டை மனப்பாடமாகவே சொல்வாள். பதினொன்றில் எல்லோரும் சரிந்ததும் எரிச்சலோடு மூடிவிடுவாள். அச்சில் தன் எழுத்தைப் பார்க்கக் கூச்சம் இருந்ததால், முதல் பிரதி கைக்கு வந்த அன்றும் அட்டையில் இருந்த பெயரைத் தடவிப் பார்த்தாளே தவிர உள்ளே புரட்டவில்லை. எனவே, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்ப்போம் என்ற யோசனை அவளுக்கு வந்தபோது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள் முன்னால் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தாள். பின்னட்டை. அதற்கு முன்னால் கலங்கரை விளக்கம். அது பதினொன்றாம் பக்கம். பன்னிரண்டாம் பக்கம் இல்லை. பீரோவிலிருந்த அத்தனை பிரதிகளையும் புரட்டினாள். எதிலும் இல்லை. ஆயிரம் பிரதி அச்சாகி, அதில் எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு புத்தகத்தில் முடிவே கிடையாது. ஏன் இல்லை என்று ஒரு தபால் கார்டுகூட வரவில்லை.

அன்று மத்தியானமே குடையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். முதலாளி சுந்தரராஜ் அண்ணாச்சி கல்லாவில் இருந்தார்.

“அண்ணாச்சி, பன்னிரண்டாம் பக்கம் எங்க?”

“அது இன்னும் கையெழுத்தாகல டீச்சர்” என்றார் அவர், நேற்றுத்தான் கொடுத்த வேலைபோல.

அந்த அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. முன்னொரு தடவை, அவர் படித்துப் பார்க்காமல் விட்ட கல்யாணப் பத்திரிகை ஒன்றில், முந்தின நாள் அச்சடித்த கருமாதிப் பத்திரிகையின் கடைசி நான்கு வரி சேர்ந்து போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வேனில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து எந்தப் புரூஃபையும் அண்ணாச்சி முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்துப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினுக்குப் போகும். இன்பமணியின் புத்தகத்தை அவர் ஆறு நாள் படித்தார். ஆறு நாளும் பதினொன்றோடு மேஜையில் கவிழ்ந்தார். ஏழாம் நாள், கையெழுத்தான பக்கங்களை மட்டும் அச்சடித்து, தைத்து, அட்டை ஒட்டி அனுப்பிவிட்டார். தலைப்புப் பக்கத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு பக்கம் கணக்காக வந்துவிட்டதால் பைண்டிங்குக்காரருக்கும் சந்தேகம் வரவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா அண்ணாச்சி?”

“நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்களும் கேக்கல, வாங்குனவங்களும் கேக்கல. சரி, தேவைப்படல போலன்னு விட்டுட்டேன்.”

“இப்பம் படிங்க. என் கண்ணு முன்னால படிங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பழைய புரூஃபின் முதல் பக்கத்தை எடுத்தார்.

“அது வேண்டாம். கடைசிப் பக்கத்த மட்டும் படிங்க, நாலு வரிதான்.”

“முன்னால என்ன இருக்குன்னு தெரியாம பின்னால கையெழுத்துப் போடச் சொல்லுதீங்களே டீச்சர். எட்டுப் பேரு வேன்ல வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து படித்தார். நண்டு வந்தது, சங்கு வந்தது. பதினொன்றில் அண்ணாச்சி கவிழ்ந்தார். மெஷின்காரர் சக்கரத்தின்மேல் சாய்ந்தார். ரசீது புத்தகம் அடிக்கக் கொடுக்க வந்த பலசரக்குக் கடைக்காரர் பெஞ்சில் நீட்டினார். வாசலில் வெட்டுக் காகிதம் தின்றுகொண்டிருந்த ஆடு வாயில் காகிதத்தோடு மடங்கியது. இன்பமணி குடையை ஓங்கித் தரையில் எறிந்தாள். அந்தச் சத்தத்துக்கும் ஒருவரும் அசையவில்லை.

“அவிய எந்திரிக்க மூணு மணி ஆகும் டீச்சர்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அச்சுக் கோக்கும் இனிகோ. எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்று, ஒரு காதுகுத்துப் பத்திரிகையைக் கோத்துக்கொண்டிருந்தார். முத்துக் குளித்த குடும்பத்துக்காரர், அந்தக் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள், வாரத்துக்கு நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். ஈய எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர் அவர். பாட்டு அவருக்கு ஒவ்வொரு எழுத்தாக, கவிழ்ந்தபடி, விரல் வழியாக உள்ளே போயிருந்தது. அதிலிருந்த தூக்கம் ஈயத்திலேயே தங்கிவிட்டதோ என்னவோ, அவரை அது தொடவில்லை.

“நீங்க தூங்கலியா?”

“கோத்தவனுக்கு வராது போல. பன்னெண்டாவதும் நாந்தான கோத்தேன்” என்று குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து நூல் சுற்றிக் கட்டிய ஈயப் பாளத்தை இழுத்தார். “பிரிச்சுப் போடுன்னு அண்ணாச்சி தெனமும் ஏசுதாரு, கல்யாணப் பத்திரிகைக்கு ‘ண’ பத்தலன்னு. மனசு வரல.” பிறகு, அழைப்பிதழ் படிப்பதுபோல, ராகமே இல்லாமல் சொன்னார்:

கேட்டவர் எல்லாம் தூங்கிப் போனார்;
கேளாத ஒருவர் உள்ளே உண்டு.
“மணலே, மணலே, நீயும் என்போல்
முழித்தா கிடக்கிறாய் வீட்டை விட்டு?”

இன்பமணி காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அந்த வரிகளை இன்னொருவர் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

“ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருசமா இருக்கேன்” என்றார் இனிகோ. “மணல் என்ன சொல்லிச்சு?”

“என்ன சொல்லும்? அதோட கதை முடிஞ்சுட்டு.”

“அதெப்படி? அத்தன பேர்ட்டயும் கேட்டுச்சு, அத்தன பேரும் பதில் சொன்னாங்க. மணலுக்கு மட்டும் வாய் இல்லையா?”

“கேட்டதுதான் முடிவு. அதுல ஒரு அர்த்தம் இருக்கு.”

“உங்களுக்கு இருக்கலாம். கேள்வியோட விட்டா பிள்ளைக்குத் தூக்கம் வருமா? எனக்கே வரல டீச்சர், ரெண்டு வருசமா.”

நான்கு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்த முடிவை, விழித்திருந்து கேட்ட ஒரே மனுஷன், போதாது என்கிறான். இன்பமணிக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. தூங்கியவர்களே பரவாயில்லை என்று தோன்றியது. விருட்டென்று வெளியே வந்து, வெயிலில் பாதித் தூரம் போன பிறகுதான் குடையை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. நடக்க நடக்க, மணல் என்ன சொல்லியிருக்கும் என்ற யோசனைதான் ஓடியது. அதற்காகவும் அவள் இனிகோவைத் திட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை நான்கு வரி எழுதிக்கொண்டு போனாள். இனிகோ வாங்கி, கோத்து, தலைகீழாகப் படித்துவிட்டு, “மணல் இப்படிப் பேசாது டீச்சர், இது நீங்க பேசுதது” என்றார். அவள் சண்டை போட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை வேறு நான்கு வரி. அதுவும் ஆகவில்லை. மழையிலும் கோயில் கொடை லீவிலும் தவிர, மூன்று வருஷம் சனிக்கிழமை தவறவில்லை. டீச்சருக்கும் கம்பாசிட்டருக்கும் அப்படி என்ன தீராத வழக்கு என்று அந்தத் தெரு முதலில் பேசியது, பிறகு பழகிவிட்டது.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம் மணலின் பதில் சரியாக வந்தது. இனிகோ அதைக் கோத்து, படித்து, ஒரு தரம் சிரித்தார். பன்னிரண்டாம் பக்கத்தோடு சேர்த்து அதையும் பிரித்து, எழுத்துகளை அதனதன் பெட்டியில் போட்டுவிட்டார். கேட்க வேண்டிய ஒரு ஆள் கேட்டாயிற்று என்று இன்பமணி தடுக்கவில்லை. மணல் சொன்னது என்ன என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

சுந்தரராஜ் அண்ணாச்சி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. இப்போது அவர் மகன் புரூஃப் படிக்கிறான், சட்டம் அதேதான். கிளாட்வினுக்குத் துறைமுகத்தில் பதவி உயர்வு கிடைத்தது. பகவதி ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறார். ரோஸின் மகள் இன்று நர்சு, வார்டில் அந்தப் புத்தகம்தான் வைத்திருக்கிறாள். இனிகோ கண் மங்கி வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார். இன்பமணி ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது புத்தகம் எழுதவில்லை. முதல் புத்தகம் நான்காம் பதிப்பு வந்திருக்கிறது, பதினொரு பக்கத்தோடு.