அருந்ததி இருக்கும் பக்கம்

மாப்பிள்ளை வீட்டார் ஏறிவந்த கரி பஸ் சித்தன்னவாசல் பக்கத்து மேட்டில் மூச்சை விட்டுவிட்டது என்று சைக்கிளில் வந்தவன் சொன்னபோது, என் அண்ணன் உடையப்பன் அவனைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்தார். யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு கொப்பரையைக் கட்டி, அடுப்புக்கரி போட்டு ஊதி ஊதி ஓட்டினார்கள். மேட்டில் ஜனங்கள் இறங்கி அதைத் தள்ளுவார்கள். இறக்கத்தில் அது ஜனங்களைத் துரத்தும். காலை முகூர்த்தம் போயிற்று. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "கவலப்படாதேள், மாடு திரும்பற நேரத்துல கோதூளி முகூர்த்தம் இருக்கு. அதுக்குத் தோஷமே கிடையாது" என்றார். அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தி நேரத்தில் எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளாத குடும்பம் எங்களுடையது.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பொழுது இறங்கினால் கண்ணும் இறங்கிவிடும். நாற்பதைத் தாண்டினால் பகலும் சுருங்கி, மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகும். என் பெரியப்பா ஒருமுறை அந்தியில் களத்துமேட்டில் நின்ற எருமையை ஊர்ப் பெரியவரான அம்பலம் என்று நினைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் தகராறை விசாரிக்கச் சொல்லி வெகுநேரம் மன்றாடினார். எருமை பதில் சொல்லவில்லை. அம்பலமும் அதுவரை பதில் சொன்னதில்லை என்பதால் பெரியப்பாவுக்குச் சந்தேகம் தட்டவில்லை. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் கைகண்ட மருந்து என்று யாரோ சொல்லி, நாங்கள் தின்ற ஈரலில் திருமயம் வட்டாரத்து ஆடுகள் எங்கள் தெருவைக் கடக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தன. மற்றவர்களுக்கு ஈரலில் தெளிந்த கண் எங்களுக்குத் தெளியவில்லை. குடும்பத்து ஆண்களில் எனக்கு மட்டும் ஏனோ இருட்டிலும் தெரிந்தது. அதனால் அந்திக்குப் பிறகு எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பேன்; அண்ணன் என் தோளைப் பிடிப்பார், அவர் தோளைப் பெரியப்பா பிடிப்பார், அப்படியே வால் நீளும்.

இதுவரை சொன்னதில் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்துத்தான் சொன்னேன். இனிச் சொல்வதில் சேர்க்கவில்லை. அண்ணனின் ஒரே மகன் குழந்தைசாமி, மீசை அரும்புகிற வயது, மாட்டை அவிழ்க்கப் போனவன் அந்தி மயக்கத்தில் கிணற்றில் விழுந்து செத்தான். அண்ணன் விளிம்பில் நின்று "எங்கிட்டுடா இருக்க, எங்கிட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கிணறும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் திருமயத்துக்கு வந்திருந்த கண் டாக்டரிடம் போனோம். அவர் அண்ணனின் கண்ணுக்குள் கண்ணாடி வழியாக வெளிச்சம் விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்.

"சம்சாரம் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா மகளுங்க."

"ஒங்க அம்மா ஒங்க அப்பாவுக்கு?"

"மாமன் மகளுங்க."

"பொண்ணு இருக்கா? யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"தாய்மாமன் இருக்கானுங்க, ஆண்டியப்பன். அவனுக்குத்தான் முறை."

"அவருக்குச் சாயங்காலம் கண்ணு தெரியுமா?"

அண்ணன் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இது சாபமும் இல்ல, ஈரல்ல போறதும் இல்ல. ரத்தத்துல வருது. பொண்ணுக்குப் பார்வை நல்லாயிருந்தாலும் உள்ள ஒளிஞ்சு கெடக்கும். ரெண்டு பக்கமும் அது இருந்தா புள்ளைக்கு வந்துரும். வெளிய குடுங்க."

அண்ணன் வீட்டுக்கு வந்து முறையை முறித்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பெண் இல்லை என்று சொல்வது வாசலில் பிணத்தைப் போடுவதற்குச் சமம். ஆண்டியப்பன் வந்து முற்றத்தில் நின்று, "குருட்டுப் பயலுக்குப் பொண்ணு இல்லைங்கிறீகளா மச்சான்? சொல்ற நீங்க மட்டும் யாரு, கலெக்டரா?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் பசுமாட்டில் முட்டிக்கொண்டு போனான். அண்ணி அன்று முதல் அண்ணனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. அண்ணன் மகள் தங்கமுத்து மட்டும் என்னிடம், "சித்தப்பா, இனி நம்ம வீட்டுல யாரும் கெணத்துல விழமாட்டாகள்ல?" என்று கேட்டாள். தம்பியின் வேட்டியை அவள் துவைத்து மடித்து வைத்திருந்தாள். யார் கட்டப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

விராலிமலைக்குப் பக்கத்தில் நாகராசு என்பவர் வீட்டில் மாப்பிள்ளை இருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் சாதி சனம்தான், ஆனால் கண்டறியாத தூரம். முதலில் விசாரிப்பது குலதெய்வம். ஒரே சாமி கும்பிட்டால் பங்காளி, பெண் கொடுக்க முடியாது. எங்களுக்கு அய்யனார், அவர்களுக்குக் கருப்பர். "சாமி வேற, ரத்தமும் வேற" என்று அண்ணன் குளிர்ந்துபோனார். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுவாள். அவளோடு வேறு என்ன போனது என்று எந்தச் சாமியிடமும் கணக்கு கிடையாது.

மாப்பிள்ளை அய்யாக்கண்ணு நல்ல உயரம். பளிச்சென்ற வெயிலில் பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்ப நாங்கள் துடித்தோம். வெயில் இருக்கும்போதே எங்களை அனுப்பிவிட அவர்களும் துடித்தார்கள். மூன்று மணிக்கே இலை போட்டார்கள். இவ்வளவு பொருத்தம் ஜாதகத்தில்கூட இல்லை. "நாகரிகம் தெரிஞ்ச சனம்டா" என்றார் அண்ணன். நாங்கள் ஒன்றை மறைத்துவைத்திருந்ததால், அவர்களிடம் எதையும் துருவிக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர்களும் துருவவில்லை. அதையும் நாகரிகத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கல்யாணத்தன்று அந்தக் கரி பஸ் வந்து நின்றபோது வைகாசி வெயில் அடங்கி, ஆட்கள் உருவமாக மட்டும் தெரிந்தார்கள். மண்ணெண்ணெய் ரேஷன்; பந்தலில் இரண்டு அரிக்கேன் விளக்குதான். சம்பந்தியை எதிர்கொள்ள எங்கள் ஆட்கள் வழக்கம்போல ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். முன்னால் ஒரு பெண்பிள்ளை. அவள் தோளில் நாகராசு கை. நாகராசு தோளில் இன்னொருவர் கை. அதன் பின்னால் பட்டுவேட்டியும் மாலையுமாக அய்யாக்கண்ணு, முன்னவர் தோளில் கைவைத்து, காலைத் தடவித் தடவி வைத்துக்கொண்டு.

நான் நின்றது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாததால் இரண்டு வரிசையும் மோதிக்கொண்டன. சந்தனக் கும்பா உருண்டது. அண்ணன் கும்பிட்ட கை நாகராசுவின் வயிற்றில் இடித்தது.

"சம்மந்தி," என்றார் நாகராசு மெல்ல, "ஒங்களுக்குமா?"

"ஒங்களுக்குமா?" என்றார் அண்ணன்.

"எங்க அப்பாயி, அப்பாவப் பெத்தவ, இங்கிட்டு எங்கனயோ இருந்து வாக்கப்பட்டதாச் சொல்வாக. தாது வருசப் பஞ்சத்துல கட்டிக் குடுத்துட்டு, பொறகு போக்குவரத்தே இல்லாமப் போச்சாம். பேரு பிரகதாம்பாள்."

பெரியப்பா இருட்டில் ஓவென்று கத்தினார். "அடேய், எங்க அப்பாவோட கூடப் பொறந்தவடா! அத்தை வகையறாடா!"

அப்புறம் நடந்ததை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. கண் தெரியாத பெரிய மனுஷர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டு, விரல் விட்டு முறை எண்ணினார்கள். நாகராசு அண்ணனுக்கு மச்சான் முறை. அவர் மகன் தங்கமுத்துவுக்குக் கட்டிக்கொள்கிற முறை. அச்சுப் பிசகாமல் முறை வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பந்தல் ஓரத்திலிருந்து ஆண்டியப்பன் சத்தம் வந்தது. அழைக்காமலே வந்து சேர்ந்திருந்தான்.

"முறை வருதுல்ல மச்சான்? நல்லா வரட்டும். என்னைய வேணாம்னுட்டு பஸ்ஸு வச்சுக் கூட்டியாந்தீகளே, இவுக மட்டும் என்னவாம்?"

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை.

நான் அண்ணன் காதில், "நிப்பாட்டிருவோம்ணே" என்றேன். அதற்குள் தங்கமுத்து கூரைப்புடவையோடு அவர் முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"அப்பா, தம்பி செத்ததுக்காகத்தானே மாமனை வேணாம்னீக?"

அண்ணன் அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினார். அங்கே பந்தல்கால் இருந்தது. இதை நிறுத்தினால் பந்தலில் அடுத்த உரிமைக்காரன் ஆண்டியப்பன். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கிணறு.

"அத்தை வகையறா ஆத்தா," என்றார் அண்ணன் பந்தல்காலிடம். "முறை சரியா வருது." பிறகு மேளக்காரர் பக்கமாக, "ம், கொட்டுங்க" என்றார்.

தாலி கட்டும்போது அய்யாக்கண்ணுவின் கை அவள் கழுத்தைத் தேடியது. பாவம், அவனும் நல்ல பையன்தான். "கோவிச்சுக்காதீக, சொல்ல விடல எங்க வீட்டுல" என்று முடிச்சுப் போடுகிற சாக்கில் அவன் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஐயர் இருவரையும் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, அருந்ததி காட்டச் சொன்னார். பகல் கல்யாணத்தில் இது ஒரு சுகமான பொய். வெறும் வானத்தை மாப்பிள்ளை காட்டுவான், பெண் தெரிகிறது என்பாள். அன்றைக்கு நிஜமாகவே நட்சத்திரங்கள் வந்திருந்தன. வடக்கே ஏழு முனிவரும் வரிசையாக நின்றார்கள்; வாலுக்குப் பக்கத்தில் பொட்டாக அருந்ததி.

அய்யாக்கண்ணு கையைத் தூக்கித் தெற்கே காட்டினான். அங்கே திருமயம் கோட்டைப் பாறை கருப்பாகக் கிடந்தது.

"தெரியுதா?" என்றார் ஐயர்.

தங்கமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பாறையிலிருந்து மெல்ல நகர்த்தினாள். வேப்பமர உச்சியில் வந்தபோது, "தெரியுது, தெரியுது" என்றார் நாகராசு. பஸ்ஸின் கரிப்புகைக்கு மேலே வந்தபோது, "நல்லாத் தெரியுது" என்றார் என் அண்ணன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முகத்தைத் தூக்கி, ஆளுக்கொரு திசையில், தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கை வடக்கே வந்தது. அருந்ததிக்கு நேராக வந்தது. நிறுத்துவாள் என்று நினைத்தேன்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்; நிறுத்தவில்லை. அவன் விரல் அதைத் தாண்டி, இருட்டின் மேல் போய்க்கொண்டே இருந்தது.