பின்னணியில் எப்சிபா

எபனேசரின் மனைவி எப்சிபா மங்கலாகிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்த வழியில். டீயும் டம்ளரும் அவளோடு சேர்ந்தே மங்கின. டம்ளர் கைக்குத் தட்டுப்பட்டது, டீயில் இனிப்பும் சரியாகவே இருந்தது. விளிம்பு எங்கே என்று மட்டும் தெரியாததால் எபனேசர் சட்டையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் லென்ஸ் வந்திருந்தது.

அந்த லென்ஸுக்காக அவன் காத்திருந்த காலத்தில் குற்றாலத்தில் இரண்டு சீசன் வந்து போயின. தென்காசியில் போட்டோ ஸ்டுடியோ, ஐந்தருவிச் சாலையில் வீடு, யூடியூபில் ஒரு சேனல் என மூன்று இடத்திலும் அவனுக்கு அதே பேச்சு. ஐம்பது எம்எம், திறப்பு எஃப் ஒன்றுக்கும் கீழே, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது, ஒரு குத்துவிளக்கு வெளிச்சம் போதும், மண்டபமே பகலாகிவிடும் என்றான். கம்பெனிக்காரன் வாய் திறப்பதற்கு முன்பே, கசிந்த படங்களை வைத்துக்கொண்டு லென்ஸ் எப்படி இருக்கும் என்று ரிவ்யூ போட்டான். வரும் தேதி தள்ளிப்போனபோது சபையில் ஜெபக் குறிப்புகூடக் கொடுத்தான். போதகர் அதை ஏதோ கண் ஆபரேஷன் என்று நினைத்து உருக்கமாக ஜெபித்தார். ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், கொச்சிக்காரர் என்று யார் வீடியோ போட்டாலும் எப்சிபாவும் ஈரக்கையோடு வந்து நின்று பார்க்க வேண்டும். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ஃபோகஸ் வைத்த பொருள் கத்தி மாதிரி இருக்கும், பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெயாக உருகிவிடும். “கேட்டியாட்டி, வெண்ணெயாம்” என்பான். “கேட்டேன். அடுப்புல பால் பொங்குது” என்று அவள் போய்விடுவாள்.

ஆக, பார்சலைப் பிரித்த கையோடு சாப்பாட்டு மேசையிலிருந்த நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்தான். அந்த நேரம் பார்த்து எப்சிபா டீயோடு பின்னால் வந்தாள். பாட்டில் படத்தில் அவ்வளவு கூர்மையாக விழுந்தது. அன்று சாயங்காலம் அதன் மூடியைத் திறந்த எப்சிபாவின் பெருவிரல் கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தமும் மங்கலாகத்தான் வந்தது. அவன் அப்போது ரிவ்யூவில் இருந்தான். “மக்களே, பின்னாடி பாருங்க. இது ஒரு பொம்பளைன்னு நான் சொன்னாத்தான் ஒங்களுக்குத் தெரியும்” என்று அவன் பேசிய இடத்தைத்தான் ஊர் உலகமெல்லாம் பகிர்ந்தது. கொச்சிக்காரரே வந்து கமெண்டில் இதயக்குறி போட்டார். மூன்றாம் நாள் எப்சிபா அவன் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியில் தன் முகம் தெரியவில்லை என்றாள். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னான். துடைத்தாயிற்று என்றாள். “நீ நல்லாத்தான் இருக்க” என்றான், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள். ஊரில் எதையும் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். “ஏட்டி எப்சிபா, ஒன் மூக்கு எங்க?” என்று மதில்மேல் எட்டிக் கேட்டாள். “இங்கனதான் இருக்கு ஆச்சி, தொட்டாத் தெரியுது” என்றாள் எப்சிபா. “அப்பஞ் சரி” என்று ஆவுடையம்மாள் போய்ச் சாலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ரேஷன் கடை எந்திரம் எப்சிபாவின் ரேகையை ஏற்கவில்லை; கடைக்காரர் குரலை வைத்து அரிசி போட்டார். சபைப் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். மற்றபடி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குள் எபனேசர் லென்ஸோடு கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தான். கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் நம்பிராஜன், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தாலி ஏறுகிற நேரம் மாமன் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அந்த இடத்தை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். எந்தப் படக்காரனும் அங்கே திறப்பைச் சுருக்கி, வரிசை மொத்தத்தையும் தெளிவாக எடுப்பான். எபனேசர் பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து முழுக்கத் திறந்தான். பெண்ணின் இமை முடியை இன்றைக்கும் ஒவ்வொன்றாக எண்ணலாம். நம்பிராஜன் மங்கிவிட்டார். மீசை காதுவரை பரவித் தெரிந்ததில் முதலில் அவருக்குச் சந்தோஷம்தான்.

ஆனியில் சாரல் இறங்கியதும் அவர் ஐந்தருவிக்குக் குளிக்க வந்தார். எண்ணெய் தேய்த்துவிட்டவர், “ஒடம்பு எங்கன முடியுதுன்னே தட்டுப்படல, எண்ணெய்தான் நெறையச் செலவாச்சு” என்று பிற்பாடு போலீஸில் சொன்னார். மலையிலிருந்து மேகம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. நம்பிராஜன் தோளில் துண்டோடு அதற்குள் நடந்தார். மேகம் போனபோது துண்டு மட்டும் படியில் கிடந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர்கள் மேல் மட்டும் காக்கிச் சாயலில் ஒரு மேகம் இறங்கி அதட்டுவதாக வேன் டிரைவர்கள் சொல்கிறார்கள். இப்போது ஒழுங்காகத்தான் நிறுத்துகிறார்கள்.

நம்பிராஜனின் மனைவி சங்கரேஸ்வரி ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. தாலி கட்டும் படத்தைத் திருப்பிக் காட்டினாள். “அண்ணாச்சி, இதுல எப்படி இருக்காவளோ அப்படியேதான் வீட்டுக்கு வந்தாவ. பெறவு போயிட்டாவ” என்றாள். எபனேசர் கடை ஷட்டரைக்கூட இழுத்துவிடாமல் வண்டியை எடுத்தான். வீட்டில் ஜன்னலோரம் இரண்டு வெளுப்பு அசைந்தது. எது திரைச்சீலை, எது எப்சிபா என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவன் அவளைப் பார்த்தான். பார்த்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் பட்ட பயத்தைப் பார்த்து ஊரே கொஞ்சம் இரக்கப்பட்டது, கொஞ்சம் சிரித்தது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்தான். ஃபேனை நிறுத்தினான். இட்லிப் பானையின் ஆவியில் அவள் கலந்துவிடுவாளோ என்று, மூடியைத் திறக்கும் நேரம் அவளை முன்னறைக்கு அனுப்பிவிட்டு இட்லியைத் தானே எடுத்தான். பாதி துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரிவ்யூக்காரர்களுக்கு எழுதிக் கேட்டான். அது குறையில்லை, லென்ஸின் குணம் என்று பதில் வந்தது. வேறு லென்ஸில் எடுத்தால் மங்கலான ஒருத்தி மங்கலாகவே விழுந்தாள். இதே லென்ஸைச் சுருக்கி எடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. எந்தத் திறப்பில் உருகினாளோ அதே திறப்பில், அவள்மேல் ஃபோகஸ் விழுந்தால்தான் திரும்புவாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் ஃபோகஸ் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டுமே. லென்ஸ் கிர் கிர்ரென்று முன்னும் பின்னும் ஓடிவிட்டு அவளைத் தாண்டிக் கதவைப் பிடித்தது. கையால் வளையத்தைத் திருப்பிப் பார்த்தான். தங்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்த அவளுடைய இருபத்துமூன்று வயது முகத்தை மனதில் வைத்துக்கொண்டு, அது வருகிறதா என்று தேடித் தேடி அழுத்தினான். தப்பிய ஒவ்வொரு படத்துக்கும் அவள் இன்னும் கொஞ்சம் கரைந்தாள். அதோடு கேமராவைத் தொடவே அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

ஆடியில் ஒரு நாள் காலை சாரல் விட்டிருந்தது. எப்சிபா காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். தென்னை உச்சியைத் தடவிக்கொண்டு மலை மேகம் இறங்கியது. பக்கத்து மாடியிலிருந்து ஆவுடையம்மாள் குரல் கொடுத்தாள். “ஏ எபனேசரு, ஒன் பொண்டாட்டி பாதிதாம்லே நிக்கா.”

கேமராவை எடுத்துக்கொண்டு அவன் ஓடியபோது முழங்காலுக்குக் கீழே அவளுக்குப் பதில் மேகம்தான் இருந்தது.

“எப்சி, அங்கனயே நில்லு.”

“நிக்கத்தான் செய்யுதேன். எதுவரைக்கும் நிக்கேன்னுதான் தெரியல.”

அவளுக்குப் பின்னால் கொடியில் அவனுடைய பேன்ட், அதற்குப் பின்னால் மேகம், மேகத்துக்கு நடுவே ஆவுடையம்மாளின் தலை. “ஆச்சி, தலையக் கீழ போடுங்க, படத்துல வாறிய” என்று கத்தினான். “பாக்காம எப்படிலே இருக்கது” என்று முனகிக்கொண்டே அவள் மதிலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

வளையத்தைத் திருப்பினான். ஆல்பத்து முகம் வரவில்லை. இடுப்புவரை மேகம் ஏறிவிட்டது.

“என்னத்தையாவது பேசு எப்சி. குரல வச்சாவது பிடிக்கேன்.”

“என்னத்தப் பேச. என் மொகத்துல மச்சம் எந்தப் பக்கம், சொல்லுங்க பாப்போம்.”

“எடது பக்கம்.”

“மச்சமே கெடையாது.”

வெளுப்புக்குள்ளிருந்து அவள் தொடர்ந்தாள். “தாடையில வெட்டுக்காயம் இருக்கே, அது எப்பம் வந்தது?”

“தெரியாது.”

“போன கிறிஸ்துமஸுக்குத் தேங்கா உடைக்கையில. நானே ஆட்டோ பிடிச்சுப் போயித் தையல் போட்டு வந்தேன். நீங்க லைவ்ல இருந்திய.”

எபனேசர் ஆல்பத்து முகத்தை விட்டுவிட்டான். விட்டதும் மனதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தான் பார்த்திராத அந்தக் காயத்தை மட்டும் தேடி வளையத்தை மயிரளவு மயிரளவாக நகர்த்தினான். வெளுப்புக்குள் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் உதட்டோரத்தில் ஒரு சுருக்கம், அதற்கு மேலே தூக்கம் கெட்ட இரண்டு கண், நெற்றியில் கொஞ்சம் நரை. நாற்பதை நெருங்கிய யாரோ ஒருத்தி அவனை எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையாவது கூட்டிவந்துவிடுவோமோ என்று ஒரு கணம் அவனுக்கு உயிரே போய்வந்தது. மேகம் அவள் கழுத்துக்கு வந்திருந்தது. அழுத்தினான்.

மேகம் கொஞ்சம் தயங்கிவிட்டு மேலகரம் பக்கமாகப் போனது. எப்சிபா கால்விரல் வரைக்கும் நின்றாள். அவன் கிட்டே போய்த் தாடையைத் தொட்டுப் பார்த்தான். கோடு கைக்குத் தட்டுப்பட்டது. அவள் லேசாகத் திரும்பி நின்றிருந்ததால் வலது காதும் கொண்டையும் மட்டும் ஃபோகஸுக்கு வெளியே போய்விட்டன, அவை உருகினபடியே இருக்கின்றன. காதில் ஃபோகஸ் வைத்துச் சரிசெய்யப்போனால் கண் மங்கிப்போய்விடும். “இது போதும். கேமராவ உள்ள வைங்க” என்றாள் எப்சிபா. கொடியில் கிடந்த பேன்ட் மங்கிவிட்டது, அவன் அதைத்தான் ஸ்டுடியோவுக்குப் போட்டுப் போகிறான். சங்கரேஸ்வரி கேட்டுக்கொண்டதால் ஐந்தருவிக்கும் லென்ஸைக் கொண்டுபோனான். ஆனால் அங்கே எந்நேரமும் பின்னால் யாராவது ஈரத்தலையோடு நின்றுகொண்டே இருந்தார்கள். அழுத்த அவனுக்குத் துணிவு வரவில்லை. சங்கரேஸ்வரி மட்டும் சாரலுக்குச் சாரல் அங்கே போய், வீட்டு விஷயங்களை மேகத்திடம் சொல்லிவிட்டு வருகிறாள்.

வலது காதில் சொல்வது எதுவும் எப்சிபாவுக்குச் சேருவதில்லை, அருவிக்கு அடியில் நின்று பேசிய மாதிரிப் போய்விடுகிறது. அதனால் சபையில் எல்லாரும் அவளுக்கு இடது பக்கமாக வந்து பேசுகிறார்கள். போன மாதம் அதைவிடப் பெரிய திறப்போடு இன்னொரு லென்ஸ் வரப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. கொச்சிக்காரர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். எபனேசர் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தால் எப்சிபா மெதுவாகத் திரும்பி வலது காதைக் காட்டுகிறாள். அவனும் குனிந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்குள்ளேயே சொல்லி முடிக்கிறான்.