இருபத்தொரு சென்டிமீட்டர்

மகளை வேறு பள்ளிக்கு மாற்ற டிசி கேட்டு எழுதிய தாளை உச்சிமாகாளி மேசைமேல் வைத்தபோது சுசீலாபாய்க்குச் சுருக்கென்றது. திருவனந்தபுரத்து அந்தப் பள்ளியில் நாலாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு இருப்பதே பதினோரு பிள்ளைகள். அதில் பொன்செல்வியும் போய்விட்டால்? எண்ணிக்கை கிடக்கட்டும், அவளில்லாத வகுப்பை நினைக்கவே டீச்சருக்கு ஆகவில்லை.

உச்சிமாகாளி விழிஞ்ஞத்தில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக் கொத்தனார். "தெனமும் என்ன படிச்சேன்னு கேக்கேன் டீச்சர். ‘நீளம்’ங்கா. அதுல என்ன தெரியும்னா முழிக்கா. மலையாளப் பள்ளிக்கூடத்துலயே சேத்துருதேன்."

"நான் நடத்தாம இல்லே அண்ணே," என்று பாடக்குறிப்பு நோட்டை விரித்துக் காட்டினாள். ‘குழந்தைகள் நீளத்தைப் பற்றிப் புரிந்துகொள்வர்.’ கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது.

"புரிஞ்சிட்டுன்னு எப்படிப் பாப்பீங்க? எங்க இன்ஜினியர் ‘சுவரை நல்லாக் கட்டு’ன்னா சொல்லுதாரு? சாயங்காலத்துக்குள்ள நாலடி ஒசரம், தூக்குக்குண்டு விட்டா பிசகக் கூடாதும்பாரு."

கோபம் வராமல் இருக்குமா? பதினாறு வருஷ சர்வீசுக்குக் கொத்தனாரா பாடம் எடுப்பது? ஆனாலும் மனசு உறுத்தியது. "ஒரு ஆழ்ச தாங்க, ஒரே ஒரு வாரம். செரியாகலேன்னா நானே டிசி வாங்கித் தாரேன், கேட்டோ."

அன்றைக்கே பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: ‘பாடம் முடியும்போது ஒவ்வொரு குழந்தையும் யார் உதவியும் இல்லாமல் ஐந்து பொருள்களை ஸ்கேலால் அளந்து சென்டிமீட்டரில் எழுதும். குறைந்தது நான்கு விடை சரியாக இருக்கும்.’

மறுநாள் அளக்கச் சொன்னால், ஏழு பேருக்கு எல்லா விடையிலும் ஒன்று கூடுதல். அடக் கடவுளே! எண்ணத் தொடங்குவது ஒன்றில்தானே என்று, பூச்சியத்தை விட்டுவிட்டு ஒன்றின்மேல் பொருளின் முனையை வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகப் புரிந்தது, புரிந்தது என்று தலையாட்டிய பிள்ளைகள். பொன்செல்வியும் அந்த ஏழில் ஒருத்தி. சுசீலாபாய் நாலு நாள் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து ஸ்கேலை நகர்த்த வைத்தாள்.

வாரம் முடிந்து உச்சிமாகாளி வந்தார். டீச்சர் அந்த டிசி தாளையே பொன்செல்வியிடம் நீட்டினாள். "இதோட அகலம் எவ்வளவு மக்களே?"

பொன்செல்வி தாளின் முனையை ஒன்றின்மேல் வைத்தாள். சுசீலாபாயின் கை ஸ்கேலை நோக்கி நீண்டு பாதியில் நின்றது. பிறகு, யாரும் சொல்லாமலே, சிறுமி ஸ்கேலைப் பூச்சியத்துக்கு நகர்த்தினாள்.

"இருபத்தொண்ணு."

உச்சிமாகாளி இடுப்பிலிருந்த டேப்பை இழுத்து அளந்து பார்த்தார். இருபத்தொன்றுதான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க கேக்கலேன்னா நான் இன்னமும் ‘புரிந்துகொள்வர்’னே எழுதிட்டு இருந்திருப்பேன். ரொம்ப நன்றி அண்ணே," என்றாள் சுசீலாபாய்.

"எனக்கு எதுக்கு நன்றி," என்று கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்கு என்ன பாடம் டீச்சர்? சாயங்காலம் இவகிட்ட நான் என்ன கேக்கணும்?"

சுசீலாபாய் நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டினாள்.