விரல்கள் மங்கக் கூடாது

படார்! மேஜையில் விழுந்த அடியில் டீ டம்ளர் துள்ளியது. வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட்டும் முடித்த நிம்மதியில் கண்ணை மூடியிருந்த அண்ணி பதறிப்போய் நிமிர்ந்தாள்.

அடித்தவள் நாத்தனார். காது கேளாதவள், யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மேஜையைத்தான் தட்டுவாள். கைகளாலேயே ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்பதால் அண்ணி வைத்த செல்லப் பெயர் வாயாடி.

"என்ன அண்ணி இது? வீடியோவுல நான் திக்கித் திக்கிப் பேசறேன்!" என்று விரல்களால் பொரிந்து தள்ளினாள்.

இணையத்தில் சைகைமொழி கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். மாதிரிப் பாடத்தை மாலை ஐந்துக்குள் ஏற்றியாக வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்பவளான அண்ணி, பழக்க தோஷத்தில் கல்யாணத்துக்குப் போடும் செட்டிங்கையே போட்டுவிட்டாள்: ஃபோர்கே என்ற பெரிய பட அளவு, நொடிக்கு இத்தனை படம் என்று ஓடும் பிரேம்களில் பாதி, ஃபைல் பெருத்துவிடாமலிருக்கக் குறைந்த பிட்ரேட், அதாவது நொடிக்குச் செலவாகும் டேட்டா. மணமக்கள் மெல்ல நடந்து வர அது போதும். வாயாடியின் விரல்களோ பறப்பவை. திரையில் இரண்டு விரல் மூன்றாகத் தெரிந்தது. சொல்லே மாறிப்போயிருந்தது.

"நான் என்ன கல்யாணப் பொண்ணா, ஆடாம அசையாம நிக்க?"

உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "மணி நாலாச்சு. இருக்கறதையே அனுப்பிடு. விரலை யாரு எண்ணிப் பாக்கப்போறா?"

"உங்க தங்கச்சிக்கு அந்த விரல்தாங்க பேச்சு. எங்க, நாக்கை மடிச்சுக்கிட்டு நீங்க பேசுங்க பாப்போம்!"

அண்ணன் சொன்னதையும் தன் பதிலையும் வாயாடிக்குப் புரியும்படி அண்ணி கைகளாலும் சொல்லிவிட்டாள்.

அண்ணி யோசித்தாள். நெட் வேகத்துக்கு ஃபைல் சிறிதாக இருக்க வேண்டும். அசைவிலோ கை வைக்கக் கூடாது. படத்தின் அளவை ஃபுல் ஹெச்டிக்கு இறக்கினாள். பிரேம்களைப் படம்பிடித்தபோது இருந்தபடியே விட்டாள். மிச்சமான இடத்தையெல்லாம் பிட்ரேட்டுக்குக் கொடுத்தாள்.

எக்ஸ்போர்ட் ஊர்ந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனபின், பக்கத்தில் உட்கார்ந்து முதலில் சிரிக்க வைத்தவள் இந்த வாயாடிதான். அதை நினைத்தபோது அண்ணிக்கு நெஞ்சு நிறைந்தது.

புதிய வீடியோ ஓடியது. பத்து விரலும் பளிச்சென்று பேசின. ஐந்து அடிக்கச் சற்று முன்னால் அப்லோடும் முடிந்தது.

"வேலை கிடைச்சா எனக்கு என்னடி தருவே?" என்று அண்ணி கைகளால் சீண்டினாள்.

வாயாடி சிரிக்கவில்லை. கண் கலங்க, நிதானமாக விரல்களை அசைத்தாள்.

"நாலு பேர் முன்னாடி கையை ஆட்டாதேன்னு அம்மா என் கையைப் பிடிச்சு அமுக்குவாங்க. ஒரு விரல்கூட மங்கக் கூடாதுன்னு எனக்காகச் சண்டை போட்டது நீங்க மட்டும்தான் அண்ணி."