நாற்பத்தொன்று வரை அடைப்பு

ரோசிலி கஞ்சித் தண்ணீரை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனதும் ஔசேப்பு வாயை இறுக மூடிக்கொண்டார். கரண்டி அப்படியே நின்றது.

"முதல்ல சொல்லு. அடைப்பியா, மாட்டியா?"

"குடிங்க அப்பச்சா. அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னு ஒண்ணு எனக்கு இருக்கா? இப்ப சொல்லு."

காலையில்தான் தேவாலயத்திலிருந்து பாதிரியார் அச்சன் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசிப் போயிருந்தார். நெற்றியில் அது இன்னும் மினுங்கியது. எண்ணெய் பூசிய பிறகு மனிதர்கள் பரலோகத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று கேள்வி. ஔசேப்பு கடையைப் பற்றித்தான் பேசினார். சாலக்குடி சந்தை முக்கில் கடை, அதற்குப் பின்னால் ரொட்டி சுடும் போர்மா, அதற்கும் பின்னால் இந்த வீடு. படுத்த இடத்திலிருந்தே போர்மாவின் மணத்தை வைத்து உள்ளே பன் வெந்ததா கருகியதா என்று சொல்லிவிடுவார். மூக்கு மட்டும் கடைசிவரை வேலை செய்தது.

"நான் செத்து நாற்பத்தொண்ணாம் நாள் பூசை முடியற வரைக்கும் ஷட்டர் ஒரு சாண்கூட உயரக் கூடாது. போர்மாவுல ஒரு பொட்டுத் தீ இருக்கக் கூடாது. ஊரே பாக்கணும், ஔசேப்பு செத்ததுக்கு அடைச்சிருக்காங்கன்னு."

"இது டிசம்பர் அப்பச்சா."

"எந்த மாசம் சாகறேன்னு எனக்குத் தெரியாதா?"

கட்டில் காலருகே ஜெபமாலையோடு நின்ற சித்தப்பா பொறிஞ்சு தொண்டையைச் செருமினார். ஔசேப்பின் தம்பி, தேவாலயக் காரியங்களில் அச்சனுக்கே ஒழுங்கு சொல்லிக்கொடுப்பவர். "சாகப்போற மனுஷன் கேக்கறார். வாக்குக் கொடு மோளே."

ரோசிலி அம்மச்சியைப் பார்த்தாள். ஔசேப்பின் மனைவி த்ரேசியா சுவரோரம் உட்கார்ந்து தன் முண்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஔசேப்பின் அம்மா செத்தது ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில். முன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாகக் கேக் விற்றார் மனிதர். வேறு வழியில்லை; வாங்கிப் போட்ட மாவும் முட்டையும் காத்திருக்குமா? ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. 'ஒரு பெட்டியில அம்மா, ஒரு பெட்டியில பப்ஸ்' என்று சந்தையில் கிளம்பிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. கள்ளுக்கடையில் யாருக்காவது ஔசேப்போடு சண்டை வந்தால் முதலில் வெளியே வருவது அந்த வார்த்தைதான்.

பிறகு பெரிய வெள்ளம் வந்தது. ஆறு கடைக்குள் புகுந்து மாவு மூட்டைகளைக் கூழாக்கிவிட்டுப் போனது. சரக்குக்கும் மிஷினுக்கும் இன்சூரன்ஸ் இருந்ததால் அந்தப் பணம் மட்டும் வந்தது. ஆனால் பக்கத்து அச்சகக்காரனுக்கு அச்சகம் மூடிக்கிடந்த மாதங்களுக்கும் சேர்த்து வந்தது. ஔசேப்பால் நம்ப முடியவில்லை. அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்ததற்கா காசு? மறுவாரமே ஏஜெண்டு தேவசியைக் கூப்பிட்டு அதே பாலிசியைத் தனக்கும் போட்டுக்கொண்டார். கையோடு, பல வருடமாகக் கட்டிவந்த தன் உயிருக்கான இன்சூரன்ஸை நிறுத்தினார். "ஒரு தலைக்கு ரெண்டு குடை எதுக்கு? இனி கடை அடைஞ்சாலும் கடை சாப்பிடும்," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு எஸ்டேட் முதலாளியின் நிமிர்வு வந்துவிடும்.

ரோசிலி அவர் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். "அடைக்கறோம்."

"கம்பெனி குடுக்கும்டீ. நீ எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்கே? தேவசிக்குப் போன் பண்ணு."

போன் பண்ணினாள். வருகிறேன் என்றார் தேவசி.

அவர் வந்தபோது ரோசிலி போர்மாவுக்குப் பக்கத்தில் விறகடுக்கின் ஓரமாக நின்றாள். உள்ளே வேலையாள் வாறுண்ணி சாயங்கால ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். ஓணத்திலிருந்து ரம்மில் ஊறும் பழங்கள் பீங்கான் ஜாடிகளில் வரிசையாக இருந்தன. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் இந்த வருடம் போன வருடத்தைவிட அதிகம். ஜங்ஷனில் திறந்திருக்கும் கண்ணாடி போட்ட புதிய பேக்கரிக்கு இன்னும் போகாதவர்கள் அவர்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே போனால் பிறகு ஈஸ்டருக்கும் அங்கேதான் போவார்கள்.

"தேவசிச் சேட்டா, அப்பச்சன் இன்னிக்கோ நாளைக்கோ. நாற்பத்தொண்ணு வரைக்கும் கடைய அடைக்கச் சொல்றார். கம்பெனிக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?"

தேவசி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "கடைக்கு என்ன ஆச்சு?"

"கடைக்கு ஒண்ணும் ஆகல. அப்பச்சனுக்குத்தான்."

"அப்ப ஒண்ணும் கிடைக்காது மோளே."

அவளுக்குப் புரியவில்லை என்று கண்டதும் அவர் குரலைத் தணித்தார். "தீப் பிடிக்கணும். வெள்ளம் ஏறணும். இடி விழணும். கடையில எதாவது சேதமாகி, அதனால வியாபாரம் நின்னா, மறுபடி எழுந்து நிக்கற வரைக்கும் விட்டுப்போன லாபத்தைக் கம்பெனி தரும். சம்பளம், வாடகை எல்லாம் அதுல வரும். நல்லா இருக்கற கடைய நாமளே இழுத்து மூடினா யாரு தருவா?"

"முதலாளி செத்தாக்கூடவா?"

"முதலாளி சேதமாறது இதுல வராது. அதுக்குத்தான் அந்த உயிர் பாலிசி. அதை நிறுத்தாதீங்கன்னு நான் காலப் பிடிக்காத கொறை."

"அவர்கிட்ட இத சொல்லவே இல்லயா நீங்க?"

"சொன்னேன் மோளே, மாதா சத்தியமா சொன்னேன். கல்லாவுல நின்னுக்கிட்டுத்தான் கேட்டார். 'கடை நின்னா கம்பெனி தரும்'கறது காதுல விழுந்துச்சு. எதனால நின்னாங்கறதுக்குள்ள ஒருத்தன் முட்டைப் பப்ஸ் கேட்டு வந்துட்டான்."

இன்னொரு நாளாக இருந்தால் ரோசிலி சிரித்திருப்பாள். தேவசி மெல்ல, "இத இப்பப் போய் அவர்கிட்ட சொல்லாதே," என்றார். சொல்லாவிட்டால் வாக்கு அப்படியே நிற்குமே என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே ரோடுவரை போனார்.

சொல்லிவிடுவது என்றுதான் ரோசிலி உள்ளே போனாள். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அந்த வாக்கிலிருந்து அவளை விடுவிக்க முடியும். 'சரி, மூணாம் நாள் தொற' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வியாபாரி, சொல்லிவிடுவார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது.

"தேவசி வந்தானா?"

"வந்தார்."

"என்ன சொல்றான்?"

அம்மச்சி மடிப்பதை நிறுத்தினாள். பொறிஞ்சுவின் ஜெபமாலையும் நின்றது. அப்பச்சனின் கண்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனுடையதைப் போலிருந்தன. வாழ்நாளெல்லாம் ஒரு பேச்சைச் சுமந்த மனிதர், இப்போதுதான் அதை இறக்கி வைத்திருந்தார்.

"எல்லாம் பாத்துக்கறேன்னார்."

"நான் சொன்னேன்ல!" மார்பு ஏறி இறங்கியது, சிரிக்கிறார் என்று புரிய நேரமாயிற்று. "ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். நானும் ஆனைதான்டீ. கொண்டா அந்தக் கஞ்சிய."

கிண்ணத்தில் இருந்ததை முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டபோது அவள் விரலை ஒருமுறை அழுத்தினார். பிற்பகலில், அம்மச்சி பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு நின்றுவிட்டது. அதைக் கடைசியாகக் கவனித்தது அம்மச்சிதான்.

தேவாலய மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. பொறிஞ்சு கண்ணீரோடு நேராகப் போர்மாவுக்குத்தான் போனார். நீளக் கம்பியால் தணலை இழுத்து வெளியே போட்டு, முற்றத்தில் தானே தண்ணீர் ஊற்றினார். புகை வீட்டுக்குள் வந்தது. அந்தப் போர்மா வெள்ளத்துக்குப் பிறகு ஒருநாளும் ஆறியதில்லை. முழுக்க ஆறிவிட்டால் மறுபடி மெல்ல மெல்லச் சூடேற்றி வழிக்குக் கொண்டுவர ஒரு வாரமாகும். அவசரப்பட்டால் கூரைச் செங்கல் வெடிக்கும்.

வாறுண்ணி கையெல்லாம் மாவோடு வாசலில் வந்து நின்றான். "சேச்சி, மாவு பொங்கிடுச்சு. என்ன பண்ண?"

ரோசிலி போய்ப் பார்த்தாள். மாவு தொட்டியின் விளிம்பைத் தாண்டி எழுந்திருந்தது. முஷ்டியால் குத்தி அமுக்கினாள். பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கியது. அவள் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் நடுவில் மறுபடி உப்பத் தொடங்கியிருந்தது.

மறுநாள் முற்றம் கொள்ளாத கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஔசேப்பு வெள்ளை ஜிப்பாவில், கையில் சிலுவையோடு, கொஞ்சம் கர்வமாகவே கிடந்தார். ஷட்டரில் பொறிஞ்சு தொங்கவிட்ட பலகையைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

"நாற்பத்தொண்ணு நாளா! கிறிஸ்துமஸ் சமயத்துலயா?"

"அம்மாவுக்குச் செய்யாதத தனக்குச் செஞ்சுக்கிட்டார் பாத்தியா."

"புத்திசாலிப்பா. கம்பெனி கொடுக்குதாம். என்ன தேவசி, கொடுக்குதுல்ல?"

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவசி பெட்டியைப் பார்த்தார், ரோசிலியைப் பார்த்தார். சாவு வீட்டில் என்ன சொல்வது? தலையை ஆட்டி வைத்தார். "ஹா!" என்றார்கள். அந்தப் பழைய பேச்சை அன்று ஒருவரும் எடுக்கவில்லை. ரோசிலிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அப்பச்சன் பெட்டிக்குள் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பொய்யென்று தெரிந்தும் தோன்றியது.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு டீச்சர் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். கையை விடாமலேயே, "அப்ப நம்ம கேக் ஆர்டர் மோளே?" என்றாள். ரோசிலி வாயைத் திறப்பதற்குள் பொறிஞ்சு, "வேற எடத்துல பாத்துக்குங்க டீச்சர், அண்ணன் வாக்கு," என்று பெருமையாகச் சொன்னார். டீச்சர் பெருமூச்சு விட்டாள், சங்கடத்தோடுதான் போனாள். போன திசை ஜங்ஷன்.

வீட்டில் பக்கத்து வீட்டார் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, அம்மச்சி தனியாக இருக்கும்போது, ரோசிலி எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி தராது. ஒன்றும் தராது. நேற்றே தெரியும். வாறுண்ணிக்கும் மற்றவர்களுக்கும் சம்பளமில்லை, கிறிஸ்துமஸ் போனது, நாற்பத்தொன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் யார் இருப்பார்கள்?

த்ரேசியா அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அவர் கேட்டப்பவா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா தொறங்கன்னு சொல்லியிருப்பாரே." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ரோசிலி தாங்கியிருப்பாள். "கோழி கூவறதுக்கு முன்னாடி தொறங்கன்னு சொல்லியிருப்பார். இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"மூணாம் நாள் தொறந்தா என்ன அம்மச்சி? நாம சொன்னா..."

"அவர மண்ணுக்குள்ள வச்சுட்டு, மறுபடி ஊரு வாயில போடவா?"

வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. த்ரேசியா கை நீட்டி மகளின் முகத்தைத் துடைத்தாள். "நானா இருந்தாலும் அவர்கிட்ட அதத்தான் சொல்லியிருப்பேன்," என்றாள். அப்படிச் சொன்னதால் ஒன்றும் மாறவில்லை.

ரோசிலி எழுந்து போர்மாவுக்குப் போனாள். தொட்டியில் மாவு பொங்கித் தணிந்து புளித்துக் கிடந்தது. அதன் வாடை மட்டும் எழுந்தது. முன்பக்கம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பிறகு பலகையைப் படிக்கும் அமைதி. பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்துபோனது.

அவள் போர்மாவின் செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். சூடு இருந்தது. குறைந்திருந்தது, ஆனாலும் இருந்தது. வாறுண்ணி வந்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் சூடு இருக்கும் சேச்சி. அதுக்கப்புறம் ஆறிடும்," என்றான்.

அவள் நகரவில்லை.