அரைகுறைத் தாள்கள்

சொன்னதைச் செய்வதில் டைப்பிங் அக்காவை மிஞ்ச ஆளில்லை. உளவியல் துறையில் பேராசிரியரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவள் அக்காதான். ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொன்னால் எடுப்பாள். மறுநாள் அதையே திரும்பப் போடச் சொன்னால் போடுவாள். ஏன் என்று கேட்க மாட்டாள். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கும் கடிதம் பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாளில்தான் இது நடந்தது.

அங்கே நடந்த ஆராய்ச்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்கள் முழிக்கக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர் எதுவரை கேட்பார்? அதுதான் கேள்வி. விளம்பரம் பார்த்து வந்தவரைத் திருகுகுமிழ் ஒன்றின் முன் உட்காரவைப்பார்கள். பக்கத்து அறையில் ஒருவர் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார், அவர் தப்பு செய்யும்போதெல்லாம் குமிழை ஒரு புள்ளி திருப்ப வேண்டும், தண்ணீர் இன்னும் குளிரும் என்பார்கள். மொத்தம் இருபது புள்ளி. ஐந்தில் சுவருக்கு அந்தப்பக்கம் முனகல் கேட்கும். எட்டில், “கை மரத்துப்போச்சு, விட்டுடுங்க” என்று ஒரு குரல். உண்மையில் அந்த அறையில் ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லாம் ஒலிப்பதிவு.

வந்தவர் தயங்கினால், வெள்ளைக் கோட்டு மாட்டிய நாடக நடிகர் ஒருவர் மூன்றே வாக்கியம் சொல்வார். “தொடருங்கள்.” பிறகு, “தொடர்ந்தாக வேண்டும்.” கடைசியாக, “உங்களுக்கு வேறு வழியில்லை.” அவரைக் கோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு தாள். எத்தனை புள்ளி திருப்பினார் என்பது முன்பக்கம். எழுந்துபோகும்போது என்ன சொன்னார் என்பது பின்பக்கம், கோட்டு எழுதிய கோணல் எழுத்தில். எல்லாம் முடிந்ததும் உண்மையைச் சொல்லி, ஆறுதலாகப் பேசி அனுப்பிவைப்பார்கள்.

எட்டு மாதம் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரை அன்று மாலை நான்கு மணிக்குள் ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். காலையில் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் ஒரு வரியில் நின்றன. “நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடைசிவரை கீழ்ப்படிந்தனர்.”

தொண்ணூறா?

சோதனை அறையிலிருந்து வெளியே போக அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதியில் எழுந்து விறுவிறுவென்று போனவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். ஒரு சலவைக்காரம்மா அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

குனிந்து மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். முதல் வாரம் மின்சாரம் போய் ஒரு சோதனை நின்றபோது பேராசிரியர் சொல்லியிருந்தார்: “பத்துப் புள்ளிக்கு முன்னாடி நின்னுபோன தாளெல்லாம் அரைகுறை. எண்ண வேணாம், பெட்டியில போட்டுடுங்க.” சொன்னவர் மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. எட்டு மாதமும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணினாள். நாற்பத்திரண்டு. ஒன்று மின்சாரம் போனது, ஒன்று மூக்கில் ரத்தம் வந்தவர். மீதி நாற்பது பேரும் தாங்களாக எழுந்துபோனவர்கள். கோப்பில் இருந்ததோ அறுபது. அதில் கடைசிவரை போனவர்கள் ஐம்பத்துநான்கு. ஆக, உண்மைக் கணக்கு நூற்றுக்கு ஐம்பத்துநான்கு.

லிஃப்ட் மெக்கானிக்கான தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“லிஃப்ட்ல ஏறினவனை மட்டும் எண்ணினா, இந்தக் கட்டடத்துல படியே யாரும் ஏறலன்னுதான் வரும்” என்றார் அவர்.

“நான்தாங்க பெட்டியில போட்டேன்.”

“ஏன் போட்டே?”

“சொன்னாங்க, போட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “அம்மா தாயே, நீ வேலை பாக்கற எடம் எதுன்னு தெரியுமா?”

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள். கோட்டும் அங்கேதான் இருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். பேராசிரியர் ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். முகம் வெளிறியது.

“இதைப் பெட்டியில போடச் சொன்னது யாரு?”

“நீங்கதான் மேடம். முதல் வாரம்.”

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. இப்போ நேரமில்லை. இருக்கறதை அனுப்பிடலாம், திருத்தம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க தொடருங்க.”

அக்கா நகரவில்லை. நிரந்தரக் கடிதம் அவள் கண்ணெதிரே, பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“அக்கா, இது எட்டு மாச உழைப்பு. தொடர்ந்துதான் ஆகணும்.”

“மேடம்” என்றார் கோட்டு மெதுவாக, “மூணாவது வாக்கியம் என்னோடது. அதையும் நீங்களே சொல்லிட்டா எனக்கு வேலையே இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சலவைக்காரம்மாவின் தாளை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள். “‘வழி இல்லன்னு நீ சொல்ற. கை என்னோடது, நான் எடுத்துக்கறேன்.’ ஒன்பதாவது புள்ளியில சொன்னது மேடம். இவங்க இல்லாத கட்டுரைய நான் அடிக்க மாட்டேன். வேற யாரையாவது வெச்சு அடிச்சுக்குங்க.”

ஆறு வருடத்தில் மாட்டேன் என்று அவள் சொன்னது இதுதான் முதல் முறை. அது அவளுக்கே ஆச்சரியம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நகர்த்தினார். “உக்காருங்க. நாப்பது தாளையும் வாசிங்க. சொன்னா ஏன் கேக்கறாங்கன்னு எட்டு மாசமாத் தேடிட்டிருந்தேன். ஏன் நிறுத்தினாங்கங்கறது உங்க மேசைக்கடியில இருந்திருக்கு.”

நான்கு மணி வந்தது, போனது. கட்டுரை போகவில்லை, ஒரு வாரம் தாமதமாகும் என்று கடிதம்தான் போனது. கோட்டு நாற்பது பேரின் பேச்சையும் அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டினார். சலவைக்காரம்மாவின் முறை வந்தபோது பேராசிரியரே சிரித்துவிட்டார்.

கிளம்பும் நேரத்தில் பேராசிரியர் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “இதையாவது பெட்டியில போட்டுடாதீங்க.”

“நீங்க சொன்னாலும் போட மாட்டேன் மேடம்.”

“அது சரி, உங்களுக்கும் ஒரு தாள் போடணுமே. எந்தக் கணக்குல சேக்கறது? சொன்னதைக் கேட்டவங்களா, கேக்காதவங்களா?”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே யோசித்தாள்.

“எட்டு மாசம் நானும் குமிழைத் திருப்பிட்டுத்தான் இருந்திருக்கேன். பத்தொன்பதாவது புள்ளியில நின்னேன்னு போடுங்க” என்றாள். “பின்பக்கத்துல, கை என்னோடதுன்னு எழுதிக்குங்க.”