கண்ணாடி வண்டியின் பிரேக்

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்தது போல இருந்தது. அக்கா இருக்கையை விட்டு எழும்பி, உடம்பின் கனத்தையெல்லாம் அந்த ஒரு காலில் இறக்கினாள். பழைய டீசல் பிக்கப் மனசில்லாமல் மெதுவாகி, முன்னால் போன பால்வண்டியை இடிக்காத குறையாக நின்றது. பின்னால் சட்டத்தில் சாய்த்து ஏற்றியிருந்த கண்ணாடிகள் ஒன்றோடொன்று முணுமுணுத்து அடங்கின. ஒன்றும் உடையவில்லை.

இது முதல் தடவை இல்லை. சில நாள் பிரேக் வெண்ணெயாக இருக்கும், சில நாள் இரும்பாகிவிடும். தம்பியிடம் சொன்னால், தான் ஓட்டும்போது நன்றாகத்தான் பிடிக்கிறது என்பான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

அப்பா விட்டுப்போன கண்ணாடிக் கடை அது. தம்பி வெட்டுவான், அக்கா வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். தெருவில் எல்லோருக்குமே அவள் அக்காதான். கல்யாணம், புருஷனின் சாவு, மகள் வெளியூர் போனது எல்லாம் நடந்த காலத்திலும் அந்த ஸ்டியரிங்கை அவள் விட்டதில்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான் தம்பி சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்கிறான். உனக்கும் வயசாகிறது, கால் முன்னே மாதிரி இல்லை, வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கடையில் உட்காரேன் என்று. தம்பி பெண்டாட்டி குழம்பை ஊற்றியபடி, நல்லதுக்குத்தானே சொல்கிறார், அண்ணி என்று ஒத்து ஊதுவாள்.

பேச்சு தொடங்கிய அதே சமயத்தில்தான் பிரேக்கும் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

இன்னொன்றும் அவள் மனதை அரித்தது. காலையில் அவள் போவதற்குள் தம்பி சரக்கை ஏற்றி முடித்திருப்பான். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், டீசல் வண்டி, சூடாகட்டும் என்பான். முன்கண்ணாடியில் காக்கை எச்சமிட்டால்கூடத் துடைக்காதவனுக்கு எஞ்சின் மேல் என்ன திடீர்ப் பாசம்?

இதில் அவன் கை இருப்பது தெரிந்தால் பாகம் பிரித்துக் கடைக்கு நடுவே சுவர் எழுப்பிவிடுவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கூடப்பிறந்தவன் என்பதெல்லாம் அப்புறம்.

மெக்கானிக்கிடம் வண்டியைக் காலியாகக் கொண்டுபோனாள். அவனையும் அவள் முழுதாக நம்பவில்லை. வண்டியை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பவன். தம்பியும் அவனும் டீக்கடையில் தோளோடு தோள் உரசி நின்று சிரிப்பதையும் பார்த்திருக்கிறாள்.

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, மிதி கெட்டியாகும் வரை பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தான். பிறகு காலை அதன்மேல் வைத்தபடியே எஞ்சினைப் போட்டான். மிதி காலுக்கடியில் தானாகவே கொஞ்சம் இறங்கியது. எஞ்சினோடு சுற்றும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அந்த உறிஞ்சல்தான் பூஸ்டர் வழியாக நம் காலுக்குத் துணை நிற்கிறது, மிதி இறங்கினால் துணை சரியாக வருகிறது என்று அர்த்தம் என்றான். குழாயில் மீட்டரை மாட்டியும் காட்டினான். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா. கால்தான்..." என்று இழுத்தவன், அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

ஆக, இவனும் கூட்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் அந்தச் சுவருக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

ஆனால் பாருங்கள், சந்தேகம் வந்த மனசு சும்மா இருக்காது, பழசையெல்லாம் கிளறும். பிரேக் பிடிக்காமல் போன நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய நாள். பெண்கள் விடுதிக்குப் போன நாள். பால்வண்டியை இடிக்கப் பார்த்த நாளில் ஏற்றியிருந்தது புதுவீடு கட்டிய ஒருவரின் சரக்கு. மூன்றும் குளியலறை ஜன்னல்! வெளியே இருந்து ஆள் தெரியாதபடி ஒரு பக்கம் மேடும் பள்ளமுமாக வார்த்த கண்ணாடி. வழவழப்புக் கண்ணாடி ஏற்றிய நாளில் ஒருதரம்கூட வண்டி அவளை மிரட்டியதில்லை.

குளியலறைக் கண்ணாடிக்கும் பிரேக்குக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? அவளுக்குப் புரியவில்லை. புரியாததை அவள் யாரிடமும் சொல்லவுமில்லை.

அடுத்து அந்தச் சரக்கு ஏறிய நாளில், கண்ணாடியை இறக்கத் தம்பி வழக்கம்போல பைக்கில் முன்னால் போய்விட்டான். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சரக்கோடு, ஊர்ந்து ஊர்ந்து, மெக்கானிக்கின் பட்டறைக்குள் வண்டியை விட்டாள். எஞ்சினை அணைக்காமலே அவனைக் கூப்பிட்டு, இப்போது மிதித்துப் பார்க்கச் சொன்னாள்.

மிதித்தான். அவன் முகத்திலிருந்த இளிப்பு காணாமல் போயிற்று. மீட்டரை மாட்டினான். முள் பாதிக்குக் கீழே கிடந்து நடுங்கியது. பம்ப்பிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்துப் பார்த்தான். அந்தப் பழைய வண்டியில் அங்கே ஏற்கெனவே குழாய்க்காடு. அதில் ஒன்றை நெரித்ததும் முள் துள்ளி எழுந்தது.

அந்தக் குழாயைத் தடவிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனவன், பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"இது கம்பெனி போட்டது இல்லக்கா. யாரோ புதுசா இழுத்திருக்காங்க. நடுவுல திறந்து மூடுற திருகு ஒண்ணு வேற. அன்னிக்குக் காலி வண்டில இதை மூடி வச்சிருப்பாங்க, அதான் எனக்குப் பிடிபடல."

குழாய் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது. அக்கா கண்ணாடியில் காதை வைத்தாள். பின்னாலிருந்து ஸ்ஸ் என்று காற்று இழுக்கும் சத்தம். சட்டத்தின் கறுப்பு ரப்பர் பட்டைக்குள், பட்டையோடு பட்டையாக, கறுப்பு உறிஞ்சிக் கிண்ணங்கள். கடையில் கண்ணாடியைக் கவ்வித் தூக்க வைத்திருக்கும் அதே கிண்ணங்கள். வழவழப்பில் அவை அட்டையாக ஒட்டிக்கொள்ளும். மேடுபள்ளத்தில் முழுதாக ஒட்டாமல் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், பிரேக்குக்குப் போக வேண்டிய பலமெல்லாம் அந்த ஓட்டையில் போய்விடும்.

தம்பியைப் போனில் கூப்பிட்டாள். வந்தான். குழாயைப் பார்த்ததும் மறுக்கக்கூட இல்லை.

"பம்ப்பு சும்மாதானே சுத்துது, கொஞ்சம் எடுத்துக்கிட்டா என்னன்னு நினைச்சேன். பிரேக்குக்குப் போறது குறையும்னு தெரியலக்கா."

"எதுக்கு எடுத்தே?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சுவர்ப் பேச்சு அவள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அதற்கு முன்னால், மாட்டியவனே கழற்றட்டும் என்று குறடை அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, குழாயின் கவ்வியை அழுத்தினான். குறடு நழுவித் தரையில் விழுந்தது. நடிக்கிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மெக்கானிக் குனிந்தான். அவனைத் தடுத்துவிட்டு அவளே எடுத்து மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

திரும்பிக் கண்ணாடியைக் கட்டிய பட்டைகளைத் தொட்டாள். தொளதொளவென்று கிடந்தன. இத்தனை நாளும் கிண்ணங்களை நம்பித்தான் சரக்கு நின்றிருக்கிறது.

"மழைக் காலத்துக்கு முன்னாடியே கையில பிடி போயிடுச்சுக்கா," என்றான் தரையைப் பார்த்து. "எஞ்சினை ஓட விட்டுக் கண்ணாடியைச் சாய்ச்சா கிண்ணம் பிடிச்சுக்கும், மெதுவா கட்டிக்கலாம். இன்னும் கொஞ்ச நாள்ல கண்ணாடி வெட்டுற கட்டரும் கையில நிக்காது. ஸ்டியரிங்காவது பிடிப்போம்னு பாத்தேன்."

"அதுக்கு என் காலைக் குத்தம் சொன்னே."

"சொன்னேன்."

"என்கிட்ட சொல்ல என்னடா?"

"சொன்னா வெட்டுற மேசையை விட்டு எழுப்பிடுவே."

"உன்னை நான் எழுப்பிடுவேனா?"

"நான் உன்னை இறக்கிடுவேன்னு நீ நினைக்கலையா?"

மெக்கானிக் ஏதோ சாவியைத் தேடுவது போல உள்ளே போய்விட்டான். அவள் நினைத்தது தப்பு என்று சொல்ல முடியாது. அவள் இடத்துக்கு அவன் ஆசைப்பட்டது நிஜம்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தக் கையோடு அவன் என்ன செய்வான்?

குறடை எடுத்து அவளே கவ்வியைக் கழற்றினாள். குழாயின் வாயை அடைத்தாள். எஞ்சினை அணைத்து, மிதித்து, காலை வைத்தபடி மறுபடி போட்டாள். மிதி இறங்கியது. பிறகு பின்னால் போய், பட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி அசையாதபடி இறுக்கினாள். அதுவரை அவன் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"ஏறு. சரக்கை இறக்கிட்டு நேரா டாக்டர்."

"பைக்கு?"

"இந்தக் கையை வச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் அதுல வந்தே?" சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து பிடுங்கி மெக்கானிக்கின் மேசையில் போட்டாள்.

இறக்கத்தில் பிரேக் காலுக்குப் பணிந்தது. தம்பி வலது கையை இடது கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கை மட்டும்தானா? இன்னும் ஏதாவது மறைக்கிறியா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் நம்பவில்லை. டாக்டர் முன்னால் தானும் கூடவே உட்காருவது என்று முடிவு செய்துகொண்டு வண்டியை ஓட்டினாள்.